எப்போதும் மூன்று மீட்டர்

செந்தெஷ்,
3 மார்ச் 1996

அன்புள்ள யெனோ அண்ணாவுக்கு,

பாலிந்த் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு. மழை வரப்போவதை வானிலை அறிக்கையைவிட அது சரியாகச் சொல்கிறது. ஷோப்ரோனில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் விட்டதா?

போன ஜூலையில் நீங்கள் சூரியகாந்தி வயலில் இறங்கிய நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் வெளிநாட்டில் நடக்கும் கிளைடர் விமானப் போட்டிக்கான அணிப் பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டு இடம். ஒன்று நம் கிளப் பிரோஷ்காவுக்கு, மற்றது எனக்கு. முதல் மாற்று ஆள் நீங்கள். இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். பறந்த வழியைப் பதிகிற மின்னணுப் பெட்டியை எல்லாரும் கிளைடரில் வைத்தாக வேண்டும் என்றார்கள். வைத்தேன். அன்றிலிருந்து ரேடியோவில் ஒரே ஊளை. அதுவும் போட்டி அலைவரிசையில்தான் அதிகம். ஜோடியாகப் பறக்கும்போது பிரோஷ்கா சொல்வது ஒன்றும் காதில் விழுவதில்லை. கிளப் எலெக்ட்ரீஷியன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "பேட்டரிய மாத்துங்க தம்பி" என்றார். மாற்றினேன். ஊளை இன்னும் தெம்பாகக் கேட்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ரேடியோவைப் பொருத்தியது நீங்கள். உங்களைவிட அதை அறிந்தவர் இந்த நாட்டில் இல்லை. என் மேல் கோபம் இருந்தாலும் ரேடியோ மேல் இருக்காது அல்லவா?

அம்மா பொகாச்சா ரொட்டி சுட்டுக் கட்டித் தந்திருக்கிறாள். சூடாகச் சாப்பிட முடியாததற்கு வருத்தப்பட்டாள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பாலிந்த்


ஷோப்ரோன்,
20 மார்ச் 1996

பாலிந்துக்கு,

நான் நலம். இருமல் என்னைவிட நலம். பொகாச்சா பாதி நொறுங்கி வந்தது. முழுசாக வந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

வெளிநாடு போகிற வீரர் ஊளைக்கு மருந்தாகப் பேட்டரி மாற்றினார் என்று படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன்.

வேலைக்கு வருமுன் ஒன்று. போன ஜூலைப் பந்தயத்தின் கடைசி நாள், கடைசிச் சுற்று. நானூறு மீட்டர் உயரத்தில் தவித்துக்கொண்டிருந்தேன். நீ ரேடியோவில் கூப்பிட்டாய். "அண்ணா, இங்க மூணு மீட்டர் ஏறுது, வாங்க." நொடிக்கு மூன்று மீட்டர் ஏற்றும் காற்று என்றால் அது சொர்க்கம். இருந்த உயரத்தையெல்லாம் செலவழித்து உன் கீழே வந்து சேர்ந்தேன். மூன்றும் இல்லை, அரையும் இல்லை. நான் சூரியகாந்திக்குள் இறங்கினேன். நீ மெதுவாக ஏறிப் போய் எல்லைக்கோட்டைத் தொட்டாய், அணியில் இடமும் பிடித்தாய். நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. கேன்டீனில் எல்லாரிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவரவர் புரிந்துகொண்டார்கள்.

கிளப்பில் உனக்கு 'மூணு மீட்டர்' என்றே பெயர். மற்றவன் ஒன்றரைக்கு நாய்படாத பாடு படுகிற வானத்தில் உனக்கு மட்டும் எப்போதும் மூன்று. காற்றும் முகம் பார்த்துத்தான் கொடுக்கிறது போலும்.

சரி, வேலை. கிளைடரைக் கொட்டகையிலிருந்து தூரமாகத் தள்ளிக்கொண்டு போ. கொட்டகை விளக்குகளும் ரேடியோவில் இரையும். உள்ளே உட்கார்ந்து எல்லாக் கருவியையும் போடு. ஊளை கேட்கும்போது ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கு. ஒன்றைப் பிடுங்கினால் அதை மறுபடி போட்டபிறகே அடுத்ததைத் தொடு. எதைப் பிடுங்கும்போது ஊளை நிற்கிறது என்று எழுது. உன் மூளையை இதில் கலக்காதே. கேட்டதை மட்டும் எழுது.

அம்மா முழங்காலுக்குச் சூட்டுப் பை வைக்கட்டும்.

யெனோ


செந்தெஷ்,
31 மார்ச் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்ததே எனக்குப் பாதி நலம். அம்மா சூட்டுப் பை வைக்கிறாள், ஆனால் அதை வைத்துக்கொண்டே தோட்டத்தில் மிளகாய் நாற்றுப் பார்க்கப் போய்விடுகிறாள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியதும் ஊளை நின்றது. திரும்பப் போட்டதும் வந்தது. ஐந்து முறை பார்த்தேன். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோவைப் பிடுங்கினால் மாற்றமில்லை.

சூரியகாந்தியைப் பற்றி. அன்றைக்கு என் வேரியோ முள் மூன்றில்தான் நின்றது அண்ணா. கண்ணால் பார்த்துத்தான் சொன்னேன். அம்மா மேல் ஆணை. நீங்கள் வருவதற்குள் காற்று செத்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்வேன்?

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. அம்மா அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போனால்கூட நான்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

உங்கள்,
பாலிந்த்


ஷோப்ரோன்,
9 ஏப்ரல் 1996

பாலிந்துக்கு,

நலமே. கடையில் மூன்று தொலைக்காட்சிப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. ஈஸ்டருக்கு முன் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஈஸ்டர் முடிந்துவிட்டது.

திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்க உன் பெட்டிக்குள் ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. மலிவாகச் செய்திருப்பார்கள். அது வேலை செய்துகொண்டே உன் அலைவரிசையில் கத்துகிறது. இத்துடன் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் இரண்டு அனுப்புகிறேன். பெட்டிக்குப் போகும் ஒயரைப் பெட்டியை ஒட்டியே வளையத்துக்குள் மூன்று சுற்றுச் சுற்று. பெட்டியை ஆன்டெனா கேபிளிலிருந்து ஒரு முழம் தள்ளி வை. இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

உன் படம் இங்கேயும் வந்தது. கடைக்கு வந்த கிழவர் ஒருவர் காட்டினார். "இது உங்க தம்பியா? மூக்கு அப்படியே இருக்கே." ஆமாம் என்றேன். அந்தப் படத்தில் நீ சாய்ந்து நிற்கும் கிளைடரைக் கிளப்பிடம் முதலில் கேட்டு எழுதிப் போட்டவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. பதினாறு வருடம் பறந்தவனை விட்டுவிட்டு எட்டு வருடம் பறந்தவனுக்குக் கொடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலை வாடிக்கையாளரிடம் காட்டக்கூடாது என்பது கடை வழக்கம்.

குளிர்பெட்டிக் கதவில் என் படமும் ஏதாவது இருக்கிறதா? சும்மா கேட்டேன். பதில் எழுத வேண்டாம்.

யெனோ


செந்தெஷ்,
28 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இனிமேல் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட நான்தான் அழுவேன். ஊளை போய்விட்டது! முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் முனகுகிறது. ஆனால் பிரோஷ்கா மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. ஈஸ்டர் திங்களன்று பெண்கள் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கப்படி அவள் வீட்டுக்குப் போய்த் தெளித்தேன். வாளியோடு போனதுதான் தப்பு. கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா.

நீங்கள் சொன்னதுபோல எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கட்டி வைத்திருந்தேன்.

இன்னொன்று, பெரிய விஷயம் இல்லை. பேசும் பொத்தானை அழுத்தினால் வேரியோ முள் மேலே துள்ளுகிறது. விட்டால் இறங்கிவிடுகிறது. பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டும் பார்த்தேன், அப்போதும் துள்ளுகிறது. முன்பும் துள்ளியிருக்கலாம், இப்போது நீங்கள் பார்க்கக் கற்றுக்கொடுத்ததால் கண்ணில் பட்டது. கிளப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள். "பேசினா ஏறுதா? அப்ப வாய மூடாம பேசிக்கிட்டே போடா, போட்டிய ஜெயிச்சுரலாம்." இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா? ஜூன் எட்டாம் தேதி பயிற்சிப் பந்தயம் தொடங்குகிறது. அதற்குமுன் ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
பாலிந்த்


ஷோப்ரோன்,
26 மே 1996

அன்புள்ள பாலிந்த்,

நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். இங்கே செர்ரி பழுத்துவிட்டது. மழையும் போதுமான அளவு பெய்தது.

முள் துள்ளுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்லாக் கிளைடரிலும் அப்படி லேசாகத் துடிக்கும். கண்டுகொள்ளாதே.

பந்தயம் நல்லபடி நடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி. அம்மாவுக்கு என் முத்தங்கள்.

பாசமுள்ள அண்ணன்,
யெனோ


செந்தெஷ்,
16 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் நலம் கேட்கிறேன். நான் நலமில்லை. அடிபடவில்லை, பயப்பட வேண்டாம்.

வியாழக்கிழமை நடந்தது. பிரோஷ்காவும் நானும் ஜோடி. அவள் கீழே போய்விட்டாள், முந்நூற்றைம்பது மீட்டர்தான். நான் ஒரு ஏறுகாற்றில் சுற்றிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன். "பிரோஷ்கா, மூணு மீட்டர், சீக்கிரம் வா." வந்தாள். ஒன்றுமில்லை. மக்காச்சோள வயலில் இறங்கி, வாய்க்கால் கரையில் இடித்து, வலது இறக்கை முறிந்தது. அவளுக்கு மணிக்கட்டில் கட்டு.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் என் சட்டையைப் பிடித்தாள். "மூணு மீட்டர்னியே, எங்கடா மூணு மீட்டர்? எங்க வச்சிருக்க? எடுத்துக் காட்டு!" நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "சொந்த அண்ணனையே எறக்குனவன், இவள எறக்க மாட்டானா?"

தேர்வுக் குழு முப்பதாம் தேதி கூடுகிறது. கூட இருப்பவரை வேண்டுமென்றே கீழே இறக்கினேன் என்று முடிவானால் என் இடம் போகும். நான் போனால் உங்கள் முறை. அதற்காக எனக்கு வருத்தமில்லை, நம்புங்கள். பொய்யன் என்ற பெயரோடு அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா அண்ணா? கேன்டீனில் சிரித்தவர்களை விடுங்கள். நீங்கள்?

பாலிந்த்


செந்தெஷ்,
22 ஜூன் 1996

என் பெரிய பிள்ளைக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

உன் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று மீன் சூப்பை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான். போய்ப் பார்த்தால் நிறுத்தி வைத்த கிளைடருக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

குழுச் செயலாளர் போன் செய்தார். "பாலிந்த் இல்லைன்னா யெனோ வர்றதா ஒத்துக்கிட்டாரும்மா" என்றார். எப்போது ஒத்துக்கொண்டாய்? தம்பிக்கு ஒரு வரி எழுத நேரமில்லாதவனுக்கு அவர்களோடு பேச நேரம் இருந்ததா? நான் பாலிந்திடம் சொல்லவில்லை.

குளிர்பெட்டிக் கதவில் உன் படம் இருக்கிறதா என்று கேட்டாயாம். ஒன்றாவது அனுப்பினாயா? போட்டோ எடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது உன் பழக்கம். சின்ன வயதிலிருந்தே அவன் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து உன் சோறு ஆறிப் போகும்.

சாப்பிடு. எழுது.

அம்மா


செந்தெஷ்,
24 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நான் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கண்டுபிடித்துவிட்டேன். கொட்டகையில் சும்மா நிற்கும் கிளைடர். காற்றில்லை, அசைவில்லை. பேசும் பொத்தானை அழுத்தினேன். தரையில் நிற்கிற கிளைடர் நொடிக்கு மூன்று மீட்டர் ஏறியது! விட்டேன், பூஜ்யம். அழுத்தினேன், மூன்று. எப்போது அழுத்தினாலும் மூன்று. நாம் எப்படிச் சொல்வோம்? பொத்தானை அழுத்திக்கொண்டே முள்ளைப் பார்த்துப் படிப்போம். பேசி முடித்தபின் முள் இறங்கினால் காற்று தளர்ந்துவிட்டது என்று நினைப்போம். இத்தனை நாளும் நான் வானத்தைப் படிக்கவில்லை, என் விரலையே படித்திருக்கிறேன்.

நீங்கள் லேசாகத் துடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று மீட்டர் என்று நான் சொல்லாததால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னுடையது.

அண்ணா, அப்படியென்றால் உங்களைச் சூரியகாந்தியில் இறக்கியது நான்தான். பொய் சொல்லி இல்லை, ஆனால் நான்தான். அந்த இடம் நியாயப்படி உங்களுடையது. குழுவுக்கு எழுதிவிட்டேன், என்னை விடுவித்து யெனோவை அனுப்புங்கள் என்று.

இருக்கைக்குப் பின்னால் திறந்து பார்த்தேன். ஆன்டெனா கேபிளின் வெளிவலையை ஈயம் உருக்கிச் சால்டர் வைக்காமல் சும்மா முறுக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். அலை அங்கேதான் கசிந்து வேரியோவுக்குள் போகிறது. மிச்ச முனகலும் அதனால்தான் இருக்கும். கிளப்பில் யாரோ உங்களுக்குப் பிறகு கைவைத்திருக்க வேண்டும். உங்கள் வேலை இப்படி இருக்காது.

உங்கள் தம்பி,
பாலிந்த்


ஷோப்ரோன்,
26 ஜூன் 1996

பாலிந்த்,

நான் நலம். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அது என் வேலைதான். எனக்குப் பிறகு யாரும் கைவைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில், உன் புதுக் கிளைடருக்குள் தலையை விட்டுக்கொண்டு சால்டர் இரும்பு சூடாகக் காத்திருந்தேன். வெளியே அந்தக் கிளைடரை உனக்குக் கொடுத்ததற்காக எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உன் சிரிப்புச் சத்தம் தனியாகக் கேட்டது. இவனுக்கு இது போதும் என்று வலையை முறுக்கி, டேப்பைச் சுற்றிவிட்டு எழுந்தேன். கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. நன்றாகச் செய்ய மனம் வரவில்லை. மற்றவர் ரேடியோ எதிலும் அப்படிச் செய்ததில்லை, அதனால் மறந்தும் போனேன்.

உன் ஏப்ரல் கடிதத்தில் முள் துள்ளுகிறது என்று படித்ததும் நினைவு வந்தது. அதே வகை வேரியோ ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. என் ரேடியோவின் கேபிள் வலையைப் பிரித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். மூன்று. மே நான்காம் தேதி, சனிக்கிழமை, கடையில் ஆள் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். நான் வயிறெரிந்த உன் மூன்று மீட்டர் அவ்வளவும் என் கையிலிருந்தே போயிருக்கிறது. என்னை வயலில் இறக்கியவனும் நானேதான்.

அன்றே எழுதியிருக்கலாம். மூன்று வாரம் எழுதவில்லை. எழுதினால் நீ பொய்யன் இல்லை என்றாகிவிடும். நீ பொய்யனாக இருந்தவரை எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ என்னைவிட நன்றாகப் பறக்கிறாய் என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அப்புறம் எழுதினேன், கண்டுகொள்ளாதே என்று. நடக்கப்போவது தெரிந்தே எழுதினேன். பிரோஷ்காவின் இறக்கை முறிந்தபிறகு செயலாளர் போன் செய்தபோது வருகிறேன் என்றும் சொன்னேன். போனை வைத்ததும் சந்தோஷமாக இருந்தது பாலிந்த். எனக்கு அது பிடித்திருந்தது.

இது எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக் குழுவுக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பிரோஷ்காவுக்கும் ஒரு படி. மாற்று ஆள் பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ குழுவுக்கு எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. உன் இடத்தை எனக்குக் கொடுக்க முன்வந்தாய் என்று படித்தபோது, இதிலும் இவன் முந்திக்கொண்டானே என்றுதான் முதலில் தோன்றியது. மன்னிப்பு கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. நான் வந்து அந்த இணைப்பைச் சரியாகச் செய்து தரட்டுமா? அது ஒன்று எனக்குத் தெரியும்.

யெனோ


செந்தெஷ்,
9 ஜூலை 1996

அண்ணா,

குழு உங்கள் கடிதத்தை எல்லார் முன்னாலும் படித்தது. நான் பொய் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இடம் என்னுடையதே. பிரோஷ்காவுக்கு இரவல் கிளைடர் கிடைத்திருக்கிறது. அவள் என்னிடம் வந்து, "உன் சட்டையப் பிடிச்சிருக்கக் கூடாது. அடிக்க வேண்டிய ஆள் ஷோப்ரோன்ல இருக்கான்" என்றாள்.

அம்மா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். குளிர்பெட்டிக் கதவிலிருந்த என் படத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாள்.

நீங்கள் வர வேண்டாம். இணைப்பை நானே செய்துகொண்டேன். முதல் இரண்டு தடவை சால்டர் பிடிக்கவில்லை, மூன்றாவது தடவை பிடித்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இழுத்தால் வரவில்லை.

பிறகு கொட்டகையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பார்த்தேன். முள் அசையவில்லை. முனகலும் இல்லை, காதுக்கு அவ்வளவு அமைதி. பழக்கத்தில் "யெனோ அண்ணா, யெனோ அண்ணா, கேக்குதா?" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் விரலை எடுத்துவிட்டேன்.

பாலிந்த்